சொன்னது பலிக்காத டாக்டர்

"மேடம், நீங்க என் தீசிஸைக் கெடுக்குறீங்க."

உலகநாதன் இதைச் சொன்னப்ப ஜமீலா மேடம் டீயில பிஸ்கட்டை முக்கிக்கிட்டு இருந்தாங்க. பிஸ்கட் உள்ள விழுந்துருச்சு.

"எப்படி அண்ணாச்சி?"ன்னாங்க, ஸ்பூனை விட்டுத் தேடிக்கிட்டே.

அண்ணாச்சின்னு கூப்பிடுறது கேலி இல்ல. குரு அவங்கதான். காய்ச்சல் வார்டுக்கு அவங்கதான் சீஃப். ஆனா வயசு சீடருக்குத்தான் கூட. உலகநாதன் ஏதோ ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்துல தலைமுடி நரைக்கிற வரைக்கும் ஊசி போட்டுட்டு, அதுக்கப்புறம் மேல்படிப்பு படிக்கணும்னு ஆசைப்பட்டு வந்தவரு. மகன் ஒரு காலேஜ்ல பரீட்சைக்குப் படிக்கிறான். அப்பா இன்னொரு காலேஜ்ல பரீட்சைக்குப் படிக்கிறாரு. வீட்டம்மா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே திட்டா திட்டிருவாங்க.

"நான் ஒரு ஆளைக் காட்டி, இவரு மோசமாவாருன்னு சொல்றேன்."

"சொல்றீங்க."

"அவரு மோசமாகணும்ல?"

"ஆகணுமா?"

"ஆனாத்தானே மேடம் என் கணக்கு சரி! நீங்க ஆக விட மாட்டேங்கறீங்களே!"

விஷயம் இதுதான்.

மழை விழுந்துச்சுன்னா அந்தக் கடக்கரை ஊர்ல வைரஸ் காய்ச்சல் வந்துரும். இருமி, சளி நெஞ்சுல எறங்கி, மூச்சு முட்டி, ஆசுபத்திரி கட்டில் பூரா ஆளு. அதுல பாதிப் பேரு நாலஞ்சு நாள்ல எந்திரிச்சுப் போயிருவாங்க. சில பேரு நல்லா பேசிக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சு ஐசியுவுக்குப் போவாங்க. யாரு போவா, யாரு சரிவா?

அதை வந்த அன்னிக்கே சொல்லணும். அதான் உலகநாதனோட தீசிஸ்.

வயசு, மூச்சோட வேகம், ரத்தத்துல ரெண்டு சமாச்சாரம், எக்ஸ்ரே. எல்லாத்துக்கும் மார்க் போட்டுக் கூட்டுவாரு. பெரிய நம்பர் வந்தா ஆளு சரிவாரு. சின்ன நம்பர் வந்தா வீட்டுக்குப் போவாரு. கூட்டல்ல அவரைக் கொறை சொல்லவே முடியாது.

மேடம்தான் கொறை.

ஒரு லாரி டிரைவரைக் காட்டி, "இவருக்குப் பெரிய நம்பர் மேடம்"னாரு. "ஓஹோ"ன்னாங்க மேடம். டீ ஆறுறதுக்குள்ள டிரைவரோட கட்டில் சிஸ்டர் மேசை பக்கத்துல வந்து நிக்குது. மூச்சு லேசா வரட்டும்னு ஆளைக் குப்புறப் படுக்க வச்சாச்சு. ஆளுக்கு ஆளு போயிப் பாக்குறாங்க. கடைசியில அந்த டிரைவர் வார்டு வாசல்ல நின்னு வாயாலயே ஏர் ஹாரன் அடிச்சுட்டு வீட்டுக்குப் போனாரு.

அடுத்தது ஒரு சோடாக் கடைக்காரரு. பெரிய நம்பர். அவரு கரும்பு கடிச்சுக்கிட்டே போனாரு.

"போகட்டுமே"ன்னாங்க மேடம்.

"என் தீசிஸ்ல அவங்க ரெண்டு பேரும் தப்பு மேடம்!"

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"மேடம்! விளையாடாதீங்க. தீசிஸ் நிக்கலேன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க. இந்த மழை முடிஞ்சா எனக்கு நோயாளியும் முடிஞ்சிரும். இந்த வயசுல இன்னொரு வருசம் என்னால ஹாஸ்டல் சாம்பார் குடிக்க முடியாது."

அது நியாயம்தான்னு மேடத்துக்கும் பட்டுது. அந்தச் சாம்பாரை அவங்களும் குடிச்சவங்கதான்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. எல்லாரையும் எப்பவும் பாக்குற மாதிரி பாருங்க. நான் யாரைச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியவே கூடாது. ஆராய்ச்சின்னா அப்படித்தான்."

"நான் தெரிஞ்சுக்கவே கூடாது."

"கூடவே கூடாது."

மேடம் எந்திரிச்சாங்க. டிரஸ்ஸிங் தட்டுல இருந்து ரெண்டு துண்டு பஞ்சு எடுத்தாங்க. உருட்டினாங்க. ரெண்டு காதுலயும் வச்சுக்கிட்டாங்க.

"மேடம், என்ன இது?"

"என்னது? கேக்கல."



அன்னிலேர்ந்து ரவுண்ட்ஸ்னா பஞ்சுதான்.

நோயாளி பேசினா மேடம் பஞ்சை எடுப்பாங்க. உலகநாதன் வாயைத் தொறந்தா வைப்பாங்க. இதுல ஒரு நாளும் பிசகினதில்ல. வார்டே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்.

உலகநாதனுக்கு வெக்கமா இருந்தாலும் உள்ளுக்குள்ள நிம்மதி. இனிமே கணக்கு நிக்கும்.

அப்பதான் பிரகாசியம்மா வந்து சேந்தாங்க.

பிரகாசியம்மா கடக்கரையில மீன் ஏலம் கூவுறவங்க. ஒரு கூடை மீனை மண்ணுல கொட்டி, மூச்சு விடாம விலையை ஏத்திக்கிட்டே போவாங்களாம். கேக்குற வியாபாரி மூச்சு வாங்கி, "போதும் தாயி, நீயே வச்சுக்கோ"ன்னு சொல்ற வரைக்கும் நிக்காதாம் அந்தக் குரல்.

வந்தப்ப நல்ல காய்ச்சல். மூக்குல ஆக்சிஜன் குழாய். ஆனா வாய் மூடல.

முதல் நாளே வார்டுல இருக்குற அத்தனை பேரையும் அவங்க எடுத்துட்டாங்க. அதாவது, நடிச்சுக் காட்டிட்டாங்க. சாப்பாடு கொண்டு வர்றவரு எப்படி இட்லியை எண்ணிப் பாத்து அழுதுக்கிட்டே வைப்பாரு. கோமு சிஸ்டர் ஊசி போடும்போது எப்படித் தன் கண்ணை மூடிக்குவாங்க. உலகநாதன் எப்படிக் கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டு, அதைத் தேடிக்கிட்டே கூட்டல் போடுவாரு.

"வயசுக்கு ரெண்டு... மூச்சுக்கு மூணு... அட, கண்ணாடிய எங்கப்பா..."

உலகநாதனுக்கே சிரிப்பு வந்துருச்சு.

அதுக்கு மேல ஒண்ணு. மேடத்தையும் அவரையும் சேத்து, ரெண்டு குரல்ல.

"மேடம், கட்டில்லேர்ந்து ஆளு விழுந்துட்டாரு!"

"அப்படியா அண்ணாச்சி, ரொம்ப சந்தோசம், எழுதி வைங்க."

வார்டு உருண்டு உருண்டு சிரிச்சுது. சிரிச்ச சிரிப்புல பாதிப் பேருக்கு இருமல். கோமு சிஸ்டர் ஓடி வந்து, "எம்மா, நீங்க வாய மூடுதியளா, இல்ல வார்டயே மேல ஐசியுவுக்கு ஏத்தவா?"ன்னு கத்துனாங்க.

உலகநாதன் வெளிய வந்து பிரகாசியம்மாவுக்குக் கூட்டல் போட்டாரு.

பெரிய நம்பர்.

திரும்பவும் போட்டாரு. அதே பெரிய நம்பர். அவரு பாத்ததுலயே பெருசு.

மேடம் எதுத்தாப்புல வந்தாங்க. உலகநாதனைப் பாத்ததும் கை தன்னால பாக்கெட்டுக்குள்ள போயிப் பஞ்சை எடுத்துது.

உலகநாதன் ஒண்ணும் சொல்லல. சொல்லக் கூடாதுல்ல.



மறுநாள் பிரகாசியம்மா நடிப்புல ஒரு குரல்தான் இருந்துது. மேடம் மட்டும் பேசினாங்க. உலகநாதன் பேசுற இடத்துல வெறுமனே கண்ணாடியைத் தேடுற மாதிரி கையைக் காட்டினாங்க.

அதுக்கும் சிரிப்புதான்.

அதுக்கு அடுத்த நாள் ஒரே ஒரு வார்த்தை. "சந்தோசம்." அவ்வளவுதான். மீதியெல்லாம் கை.

அதுக்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அதுக்கும் அடுத்த நாள் காலையில வார்த்தையே இல்ல. தலையணையில சாஞ்சு உக்காந்து, ரெண்டு விரலால பஞ்சை உருட்டி, ஒரு காதுல வச்சு, மறு காதுல வச்சு, கண்ணை மூடிக்கிட்டாங்க.

அன்னிக்குத்தான் வார்டு என்னைக்கும் இல்லாத அளவுக்குச் சிரிச்சுது. பக்கத்துக் கட்டில் அம்மா தொடையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

உலகநாதன் சிரிக்கல.

அவரு ஆக்சிஜன் குழாயோட திருகைப் பாத்தாரு. முந்தா நாளு இருந்ததைவிட ரெண்டு மடங்கு தொறந்திருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்ட விரல்ல மாட்டுன கிளிப்புல நம்பர் தொண்ணூத்தாறு. அழகான நம்பர். அந்த நம்பருக்குக் கீழ, நைட்டிக்குள்ள, விலா எலும்பு உள்ள இழுத்து இழுத்து வேலை பாத்துக்கிட்டு இருக்கு.

வருது.

அவரு மனசுல வந்த வார்த்தை அதுதான். வருது.

"சார்"னாங்க கோமு சிஸ்டர்.

"ம்?"

"எதுக்கு சார் சிரிக்கிய?"

"நானா? நான் எங்க சிரிச்சேன்?"

"இப்ப. இந்தா, இன்னும் நிக்கே வாயில."

உலகநாதன் வாயைத் தொட்டுப் பாத்தாரு.

சிரிப்பு அங்கதான் இருந்துது.



மனுசனுக்கு அதுக்கப்புறம் உக்கார முடியல.

ஆனா ஒடனே ஓடிப் போயிச் சொல்லிட்டாருன்னு நெனைக்காதீங்க. தீசிஸையும் காப்பாத்தணும், பிரகாசியம்மாவையும் காப்பாத்தணும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. வாயால சொல்லாம ஜாடையில சொல்றது.

ரவுண்ட்ஸ்ல பிரகாசியம்மா கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு நகரவே இல்ல. இருமினாரு.

"சளியா அண்ணாச்சி? மாஸ்க் போடுங்க"ன்னுட்டு மேடம் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

பிரகாசியம்மா கேஸ் ஷீட்டை எல்லாத்துக்கும் மேல வச்சாரு. மேடம் ஷீட்டுக் கட்டை அப்படியே கவுத்துப் போட்டு அடியிலேர்ந்து பாத்தாங்க.

"மேடம், சில பேரு சிரிக்க வச்சுக்கிட்டே இருப்பாங்க, ஆனா உள்ளுக்குள்ள பாத்தா..."

"கதையா அண்ணாச்சி? அப்புறமா கேக்கேன்."

கடைசியா, யாரும் பாக்காத நேரத்துல, மேடத்துக்கும் பிரகாசியம்மாவுக்கும் நடுவுல நின்னுக்கிட்டுப் புருவத்தால காட்டினாரு. ஒரு புருவம், அப்புறம் ரெண்டு புருவம்.

மேடம் அவரை ரொம்ப அக்கறையாப் பாத்தாங்க.

"கண்ணுல ஏதாச்சும் விழுந்துருச்சா?"

பின்னாடி கட்டில்ல இருந்து ஒரு சத்தம். பிரகாசியம்மா சிரிக்கப் பாக்குறாங்க. சிரிப்பு வரல. மூச்சுதான் வருது, துண்டு துண்டா.

மேடம் தன் ரூமுக்குப் போயிட்டாங்க. உலகநாதன் பின்னாலயே ஓடினாரு. கதவைத் தட்டல.

"பிரகாசியம்மா மோசமாகப் போறாங்க!"

கத்திட்டாரு. வராந்தா பூரா கேட்டிருக்கும்.

மேடம் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தாங்க.

"யாரு சொன்னது?"

"என் கணக்கு."

பஞ்சு திரும்பக் காதுக்குப் போச்சு.

உலகநாதன் மேசையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"நான் சொல்றேன் மேடம். நான்."

மேடம் ரெண்டு பஞ்சையும் எடுத்துக் குப்பைக் கூடையில போட்டாங்க.

"சரி."

உலகநாதன் நின்னாரு. மேடம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சாங்க.

"மேடம்?"

"சொல்லுங்க."

"நான் சொல்லிட்டேன்."

"கேட்டுட்டேன்."

"அவ்வளவுதானா?"

"சொல்லுறது உங்க வேலை. கேக்கணும்னீங்க, கேட்டாச்சு. வேற என்ன?"

"ஏதாச்சும் செய்யணும்ல மேடம்!"

மேடம் பிஸ்கட்டைக் கடிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க. செய்யணும்தான், செய்யணும்தான்கிற மாதிரி.

உலகநாதன் அவங்களைப் பாத்தாரு. கதவைப் பாத்தாரு. அப்புறம் ஓடினாரு.



மேல்மாடி ஐசியு. அங்க டாக்டர் தயாளன் ராஜா. ஓரமா ஒரு மெஷின் நின்னுது. ஆக்சிஜனை ஈரமாக்கி, சூடாக்கி, மூக்கு வழியா வேகமா அடிக்கிற மெஷின். சக்கரம் வச்சது. மேல ஒரு துணி மூடியிருந்துது.

"அது எனக்கு வேணும் சார்."

"யாருக்கு?"

"கீழ ஒரு அம்மாவுக்கு."

"கிளிப்புல எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு."

தயாளன் சிரிச்சாரு. "என்னைவிட நல்லா இருக்காங்களே!"

"அது அவங்க மூச்சு இல்ல சார். சிலிண்டரோட மூச்சு."

"இருக்கட்டும். மோசமானதும் கொண்டு வாங்க. மெஷின் அதுக்குத்தான் நிக்குது."

"மோசமானதுக்கு அப்புறம் எதுக்கு சார்?"

"மோசமாவாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா? ஆதாரம் இருக்கா?"

உலகநாதன் யோசிச்சாரு. கூட்டலைக் காட்டலாம். முன்னாடி காட்டின ரெண்டு பேரும் ஹாரன் அடிச்சுக்கிட்டும் கரும்பு கடிச்சுக்கிட்டும் போயிட்டாங்க.

"இல்ல சார். இப்ப இல்ல. நீங்க மெஷினைக் குடுத்துட்டா இனி எப்பவுமே இருக்காது."

"என்ன பேச்சு இது?"

உலகநாதன் மெஷினோட கைப்பிடியைப் பிடிச்சாரு. தயாளன் அந்தப் பக்கம் பிடிச்சாரு. ரெண்டு பெரிய மனுசங்க, ரெண்டு பேரு கழுத்துலயும் ஸ்டெத், நடுவுல சக்கர வண்டி. இந்தப் பக்கம் கொஞ்சம் வருது. அந்தப் பக்கம் கொஞ்சம் போகுது. ஐசியு சிஸ்டருங்க எல்லாம் வேலையை விட்டுட்டுப் பாக்குறாங்க.

"எழுதிக் குடுப்பீங்களா?"ன்னாரு தயாளன், மூச்சு வாங்க.

"எதை?"

"இந்தம்மா மோசமாகப் போறாங்கன்னு."

"எழுதித் தரேன். ஆக விட மாட்டேன்னும் சேத்து எழுதித் தரேன். பேனா குடுங்க."

தயாளன் கையை எடுத்துட்டாரு. பயமா, எரிச்சலா, தெரியல.

"கொண்டு போங்க. ஆனா ஒண்ணு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலேன்னு வைங்க, வேண்டாத ஆளுக்கு மெஷினை இழுத்துட்டுப் போயி வீணாக்கிட்டாருன்னு டீனுக்கு எழுதுவேன்."

"ஒண்ணும் ஆகாது சார்"னாரு உலகநாதன்.

சாய்வுப் பாதையில மெஷினை அவரு இழுத்தாரா, அவரை மெஷின் இழுத்துதான்னு பாத்தவங்களுக்கே தெரியல.



வார்டுக்குள்ள வந்தா பிரகாசியம்மா கட்டில் பழைய எடத்துல இல்ல. சிஸ்டர் மேசை பக்கத்துல நிக்குது. பிளக் பாயிண்ட் காலியா இருக்கு.

"யாரு நகத்துனது?"

"மேடந்தான் சார், காலையிலயே சொல்லிட்டாங்க"ன்னாங்க கோமு சிஸ்டர்.

"காலையிலயா? நான் சொன்னது இப்பத்தானே!"

"பஞ்சு காதுலதான சார் வச்சிருந்தாங்க. கண்ணுலயா?"

அதை நெனைச்சுப் பாக்க நேரமில்ல. பிரகாசியம்மா மெஷினைப் பாத்துட்டாங்க. அந்தக் காலத்து ராஜா யானையைப் பாத்த மாதிரி இல்ல, கோழி அருவாளைப் பாத்த மாதிரி.

"அது... யாருக்கு?"

"உங்களுக்குத்தான்மா."

"எனக்கு... என்ன கேடு?"

"ஒரு கேடும் வரக் கூடாதுன்னுதான்."

"கொண்டு போயிரும்... வேய். மெஷின்... மாட்டுனவ எவ... வீட்டுக்கு... நடந்து போனா?"

டாக்டரை 'வேய்'னு கூப்பிட்டதுக்குப் பக்கத்துக் கட்டில் அம்மாவே நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க.

உலகநாதன் மெஷினை விட்டுட்டுக் கட்டில் ஓரமா நின்னாரு.

"சரி, ஒரு பந்தயம். மேடம் மாதிரி ஒரு வரி பேசுங்க. முழு வரி. 'ரொம்ப சந்தோசம், எழுதி வைங்க.' நடுவுல நிக்காம சொல்லிட்டீங்கன்னா மெஷினை நானே திருப்பி இழுத்துட்டுப் போறேன்."

பிரகாசியம்மா கண்ணுல ஒரு மினுக்கு. இதெல்லாம் ஒரு பந்தயமா?

நிமிந்து உக்காந்தாங்க. முகத்தை மேடம் முகமா மாத்தினாங்க. அந்தப் புருவம், அந்த உதட்டுச் சுழிப்பு, எல்லாம் அச்சு அசல்.

"ரொம்ப..."

மூச்சு.

"சந்..."

மூச்சு. இன்னொரு மூச்சு.

வார்டு சிரிக்கத் தயாரா இருந்துது. சிரிக்கல.

பிரகாசியம்மா வாய் தொறந்தபடி நின்னுது. ஏலத்துல பாதியில மூச்சு முட்டி நின்னவங்களை எத்தனை பேரைப் பாத்தவங்க. அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. மேடம் முகம் மெதுவா கலைஞ்சு, அவங்க முகம் வந்துச்சு. பயந்த முகம். அதை அந்த வார்டுல யாரும் அதுவரைக்கும் பாத்ததில்ல.

"நான்... மோசமாவேன்னு... சொன்னியளா?"

"சொன்னேன்."

"ஒம்ம... வாயில... மண்ணு."

"போடுங்கம்மா"ன்னாரு உலகநாதன், குழாயை எடுத்துக்கிட்டே. "கூடை கூடையாப் போடுங்க. எனக்கு அதான் வேணும்."

"மாட்டித்... தொலையும்."



அதுக்கப்புறம் நடந்தது சண்டைதான்.

ஒரு பக்கம் உலகநாதன். இன்னொரு பக்கம் அவரு போட்ட கூட்டல்.

குப்புறப் படுக்க வச்சாரு. "வயிறு அமுங்குது"ன்னு கையாலயே அவங்க திட்டினாங்க. தலையணையை மாத்தி வச்சாரு. திரும்பப் படுக்க வச்சாரு. மெஷினோட வேகத்தை ஏத்தினாரு. கிளிப்பு நம்பர் எறங்குச்சு. எறங்கினதும் அவரு நெஞ்சும் எறங்குச்சு.

"வா"ன்னாரு பல்லைக் கடிச்சுக்கிட்டு. பிரகாசியம்மாகிட்ட இல்ல. "எவ்வளவு பெரிய நம்பரா வேணா இரு. வா, பாத்துருவோம்."

"யாருகிட்ட சார் பேசுதிய?"ன்னாங்க கோமு சிஸ்டர்.

"என் தீசிஸ்கிட்ட."

நம்பர் ஏறுச்சு. எறங்குச்சு. ஏறுச்சு.

மேடம் வந்து வந்து பாத்தாங்க. மருந்தை மாத்தினாங்க, எக்ஸ்ரேயைத் தூக்கிப் பாத்தாங்க. ஒரு தடவை பாதி பிஸ்கட்டை ஒடிச்சு உலகநாதன் கையில வச்சுட்டுப் போனாங்க.

மூணாம் நாளு விலா எலும்பு உள்ள இழுக்குறது நின்னுச்சு.

அதுக்கு மறுநாளு மெஷினைக் கழட்டினப்ப வார்டு அமைதியா பிரகாசியம்மா வாயையே பாத்துது. அவங்க நெதானமா எழுந்து உக்காந்தாங்க. காத்துல ஒரு கைப்பிடியைப் பிடிச்சாங்க. ஒரு பெரிய வண்டியை இழுக்குற மாதிரி ஒடம்பைச் சாச்சாங்க. இல்லாத கண்ணாடி நெத்திக்கு ஏறுச்சு.

"எழுதித் தரேன் சார், பேனா குடுங்க சார், அட, என் கண்ணாடிய எங்க சார்!"

ஒரே மூச்சுல.

ஐசியுவுல நடந்தது அவங்க காது வரைக்கும் எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியாது.



வீட்டுக்குப் போற அன்னிக்கு பிரகாசியம்மா புதுச் சேலை. மகளோட கையைக்கூடப் பிடிக்கல.

"டாக்டரு."

"சொல்லுங்கம்மா."

"நான் மோசமாவேன்னீயள்லா?"

"ஆமாம்மா."

"எங்க ஆனேன்?"

"ஆகலியே."

"மூக்குல சும்மா ரெண்டு நாளு காத்து அடிச்சிய. அதுக்குப் போயி அந்த ஓட்டம், அந்தக் கத்து. நான் தன்னாலயே எந்திரிச்சிருப்பேன். என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

உலகநாதன் மருந்துச் சீட்டை அவங்க கையில குடுத்தாரு.

"தெரியும்மா."

"அப்ப நீங்க சொன்னது தப்பு."

"தப்புதான்மா."

"கடக்கரையில போயிச் சொல்லுவேன்."

"சத்தமா சொல்லுங்க"ன்னாரு.

அவங்க போயிட்டாங்க. வராந்தா கடைசி வரைக்கும் அவங்க குரல் கேட்டுது. 'ஒண்ணும் தெரியாத டாக்டரு, பாவம், நல்ல மனுசன்'னு மககிட்ட சொல்லிக்கிட்டே போனாங்க.

மேடம் பக்கத்துல வந்து நின்னாங்க.

"தீசிஸ்?"

"மூணு பேரு பெரிய நம்பர் மேடம். மூணு பேரும் நடந்து போயிட்டாங்க."

"அப்படியே எழுதுங்க. கையெழுத்து நான் போடுறேன்."

"இதுக்குப் பாஸ் போடுவாங்களா?"

"நீங்கதான் முன்கூட்டியே சொல்றவரு. சொல்லுங்களேன்."

உலகநாதன் கண்ணு வார்டுக் கோடியில இருந்துது. காலையில ஒரு ஸ்கூல் பஸ் டிரைவரு வந்து படுத்திருந்தாரு. சிரிச்ச முகம். எல்லாருக்கும் வணக்கம் வச்சாரு. கிளிப்புல அழகான நம்பர்.

உலகநாதன் அந்த நம்பரை விட்டுட்டு அவரோட விலா எலும்பைப் பாத்தாரு. அப்புறம் மெஷின் நின்ன பக்கம் நடந்தாரு.

அங்க தயாளன் நின்னாரு. மெஷினைத் திருப்பி வாங்க அவரே எறங்கி வந்திருக்காரு. கையில டீனுக்கு எழுதின காயிதம்.

"பாத்தேன், பாத்தேன். சேலை கட்டிக்கிட்டு ஜம்முனு போறாங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல."

"ஆகல சார்."

"அப்ப மெஷின் இத்தனை நாளு வீணாத்தானே போச்சு?"

"வீணாத்தான் சார் போச்சு."

"ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன்"னாரு உலகநாதன். மெஷினைப் பிடிச்சுத் திருப்பினாரு, மாடிப் பக்கம் இல்ல, வார்டுக் கோடிப் பக்கம். "கொஞ்சம் வழி விடுங்க சார். இன்னொரு தடவை வீணாக்கணும்."